எக்ஸாஸ்ட் ஹெடர் எந்த அளவில் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்ஜினில் கை வைத்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் வந்து நிற்கும் கேள்வி இது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்டை மாற்றியிருப்பார்கள், சிலிண்டர் ஹெட்டில் காற்றும் புகையும் போகும் வழியான போர்ட்டைப் பெரிதாக்கியிருப்பார்கள், காற்று உள்ளே வரும் இன்டேக்கும் புதிதாக இருக்கும். கடைசியில் ஹெடரை மட்டும் "பெரிசா இருந்தா நல்லதுதானே" என்று வாங்கி மாட்டிவிடுவார்கள். மற்ற வேலைகளில் சம்பாதித்த பவரில் ஒரு பங்கு அங்கே கரைந்துபோகிறது. கீழே இருக்கும் பதில்கள் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினை மனதில் வைத்து எழுதியவை. டர்போவுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

ஹெடர் என்றால் என்ன? கம்பெனியில் வரும் மேனிஃபோல்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

சிலிண்டர்களின் புகையை வாங்கி வெளியே அனுப்பும் கம்பெனி மேனிஃபோல்டு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. எல்லா சிலிண்டர்களின் புகையும் ஹெட்டை விட்டு வெளியே வந்த கொஞ்ச தூரத்திலேயே ஒரே அறையில் கலந்துவிடும். ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளும்போது அந்த அழுத்தம் பக்கத்து சிலிண்டரின் வாசலில் போய் முட்டும்.

ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் உண்டு. அதுதான் பிரைமரி. பிரைமரிகள் எல்லாம் ஓரளவு சம நீளத்தில் ஓடி, கடைசியில் கலெக்டரில் ஒன்று சேரும். புகைக்குத் தனி வழி கொடுப்பது இதில் பாதி நன்மைதான். வெளியே போகும் புகையின் வேகத்தைக் கொண்டே சிலிண்டரைக் காலி செய்வது மீதிப் பாதி. அளவு தப்பினால் இந்த இரண்டாவது நன்மைதான் முதலில் போகும்.

"அளவு" என்று சொன்னால் எதைச் சொல்கிறோம்?

விற்பனையில் சொல்வது பிரைமரி குழாயின் வெளிவிட்டம். 1½ அங்குலம் (38.1 மி.மீ.), 1⅝ (41.3), 1¾ (44.5), 1⅞ (47.6), 2 (50.8) என்று ⅛ அங்குலப் படிகளில் வரும். ஆனால் இன்ஜினுக்குத் தெரிவது உள்விட்டம் மட்டுமே. 41.3 மி.மீ. குழாயின் சுவர் 1.2 மி.மீ. கனம் என்றால் உள்ளே 38.9 மி.மீ. அதே குழாய் 1.6 மி.மீ. கனத்தில் இருந்தால் உள்ளே 38.1. பரப்பளவில் 4 சதவீதம் குறைந்துவிட்டது. இரண்டு ஹெடர்களை ஒப்பிடும்போது சுவர்க் கனத்தையும் கேட்டு வாங்குங்கள்.

விட்டம் மட்டும் அளவு ஆகிவிடாது. பிரைமரியின் நீளம், கலெக்டரின் விட்டம், கலெக்டரின் நீளம் ஆகிய மூன்றும் அதோடு சேர்ந்ததுதான் ஹெடரின் அளவு. எல்லோரும் விட்டத்தை மட்டும் பேசுவதற்குக் காரணம், விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

பெரிய குழாயில் புகை தாராளமாகப் போகுமே, அதில் என்ன தப்பு?

இந்த ஒரு இடத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பவர் ஸ்ட்ரோக் முடிவதற்குள்ளேயே, பிஸ்டன் கீழ் முனையைத் தொடுவதற்கு முன்பே, எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். அப்போது சிலிண்டருக்குள் இன்னும் நல்ல அழுத்தம் மிச்சமிருக்கும். அந்த அழுத்தத்திலேயே புகையின் பெரும்பகுதி சீறிக்கொண்டு வெளியேறும். பிஸ்டன் மேலே வந்து தள்ளுவது அதற்கு அப்புறம்தான். அப்படிச் சீறிய புகை குழாய்க்குள் வேகமாக ஓடும் ஒரு தூண் மாதிரி போகிறது. அதற்கு எடை உண்டு, எடை இருப்பதால் உந்தம் உண்டு. வால்வு மூடப்போகும் நேரத்திலும் அது ஓடிக்கொண்டே இருப்பதால், தனக்குப் பின்னால் இருப்பதை இழுக்கும்.

அந்த நேரத்தில்தான் இன்டேக் வால்வும் திறக்கத் தொடங்கும். பிஸ்டன் மேல் முனையில் இருக்கையில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் இந்தக் கொஞ்ச நேரம்தான் ஓவர்லாப். எக்ஸாஸ்ட் பக்கம் இழுவை இருந்தால், பிஸ்டன் எட்டாத கம்பஷன் சேம்பரில் தங்கியிருக்கும் பழைய புகையும் வெளியே போகும். பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கும் முன்பே புதிய காற்று உள்ளே வர ஆரம்பிக்கும். ஹெடர் தரும் கூடுதல் பவரில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

இப்போது குழாயை அகலமாக்கிப் பாருங்கள். அதே அளவு புகை, ஆனால் இடம் அதிகம், அதனால் வேகம் குறைவு. வேகம் குறைந்தால் உந்தம் குறையும், இழுவையும் குறையும். கீழ் ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்குக் குறைவான சுற்றுகளே சுற்றும்போது, நிலைமை இன்னும் மோசம். ஓவர்லாப் நேரத்தில் புகை திரும்பி சிலிண்டருக்குள் வரும், சில சமயம் இன்டேக் வரைக்கும் ஏறும். 41.3-இலிருந்து 44.5-க்குப் போவது மூன்று மி.மீ. மட்டும்தானே என்று தோன்றும். 1.2 மி.மீ. சுவரில் கணக்குப் போட்டால் பரப்பளவு 11.88 சதுர செ.மீ.யிலிருந்து 13.92 ஆகிறது, அதாவது 17 சதவீதம் கூடுதல்.

குழாய் ரொம்பச் சிறிதாக இருந்தாலும் தொல்லைதான். மேல் ஆர்பிஎம்மில் புகை நெரிபடும். பிஸ்டன் அதைத் தள்ளுவதற்கே பவரைச் செலவழிக்கும். ஆக, இரண்டுக்கும் நடுவில் உங்கள் இன்ஜின் ஓடும் ஆர்பிஎம்முக்குப் பொருந்தும் ஓர் அளவு இருக்கிறது. அதைத்தான் தேடுகிறோம்.

இன்ஜினுக்கு "பேக் பிரஷர்" வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். புகை வெளியேறுவதை எதிர்த்து நிற்கும் அந்த அழுத்தம் எந்த இன்ஜினுக்கும் வேண்டாம். பெரிய குழாய் போட்டதும் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போனதைப் பார்த்தவர்கள், பேக் பிரஷர் குறைந்ததுதான் காரணம் என்று முடிவுகட்டினார்கள். உண்மையில் குறைந்தது புகையின் வேகம். கார்புரேட்டர் வண்டிகளில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. எக்ஸாஸ்ட் மாறியதும் காற்று-பெட்ரோல் கலவையும் மாறும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றாமல் ஓட்டினால் வண்டி தடுமாறும், பழி குழாய் மேல் விழும்.

சரி, விட்டத்தைக் கணக்குப் போடுவது எப்படி?

இன்ஜின் கட்டுபவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஒரு கணக்கு உண்டு. குழாயின் உட்பரப்பையும் ஒரு சிலிண்டரின் கொள்ளளவையும் வைத்து, அந்தக் குழாய் எந்த ஆர்பிஎம்மில் டார்க்கை (இன்ஜினின் முறுக்குவிசையை) தூக்கும் என்று அது சொல்லும். மெட்ரிக்கில் எழுதினால் இப்படி வரும்:

பீக் டார்க் ஆர்பிஎம் = 2,24,000 × குழாயின் உட்பரப்பு (சதுர செ.மீ.) ÷ ஒரு சிலிண்டரின் கொள்ளளவு (சி.சி.)

குழாயில் புகையின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 75 மீட்டர் இருக்கும்போது இழுவையும் நெரிசலும் சமன்படும் என்பதுதான் இதற்குள் ஒளிந்திருக்கும் கருத்து.

இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் 500 சி.சி. சுவர் எல்லாவற்றுக்கும் 1.2 மி.மீ. 38.1 குழாய்க்கு விடை சுமார் 4,500 ஆர்பிஎம். 41.3-க்கு 5,300. 44.5-க்கு 6,200. 47.6-க்கு 7,200. ஒவ்வொரு படிக்கும் டார்க் 800 முதல் 1,000 ஆர்பிஎம் வரை மேலே நகர்வதைக் கவனியுங்கள்.

5.7 லிட்டர் வி8 என்றால் ஒரு சிலிண்டர் சுமார் 712 சி.சி. அதில் 44.5 குழாய் 4,400 ஆர்பிஎம்முக்கும், 47.6 குழாய் 5,050-க்கும், 50.8 குழாய் 5,800-க்கும் பொருந்தும். சாலையில் ஓடும் இந்த அளவு வி8-களில் 1¾ அங்குலம் இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே 44.5 மி.மீ. குழாய் இரண்டு லிட்டர் இன்ஜினில் ரேஸ் அளவு, 5.7 லிட்டரில் சாதாரண சாலை அளவு. மொத்தக் கொள்ளளவைப் பார்க்காமல் ஒரு சிலிண்டரைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தலைகீழாகவும் போடலாம். 500 சி.சி. சிலிண்டர், பீக் டார்க் 5,500-இல் வேண்டும். 500 × 5,500 ÷ 2,24,000 = 12.28 சதுர செ.மீ. உள்விட்டம் 39.5 மி.மீ. சுவரைச் சேர்த்தால் வெளிவிட்டம் 41.9. கடையில் கிடைப்பது 41.3 அல்லது 44.5. இங்கே 41.3-ஐ எடுங்கள்.

இது ஒரு தொடக்கப் புள்ளி மட்டுமே. ஹெட் எவ்வளவு நன்றாகச் சுவாசிக்கிறது, கேம் எப்படி, சைலன்சர் எப்படி என்பதைப் பொறுத்து உண்மையான எண் கொஞ்சம் முன்பின் போகும். ஆனாலும் உங்கள் இன்ஜினுக்கு இந்தக் கணக்கு 41.3 என்று சொல்ல, ஒருவர் 50.8 விற்க வந்தால், அவரிடம் காரணம் கேளுங்கள்.

எந்த ஆர்பிஎம்மைக் குறியாக வைப்பது?

இதில் மனதைத் தொட்டுப் பதில் சொல்ல வேண்டும். ஆர்பிஎம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் 8,000-இல் இருக்கலாம். ஆனால் வண்டி தினமும் அலுவலகம் போய் வருகிறது, மாதம் ஒரு முறை ட்ராக்குக்குப் போகிறது என்றால், இன்ஜின் தன் ஆயுளில் பெரும்பகுதியை 2,500-க்கும் 5,500-க்கும் நடுவில்தான் கழிக்கிறது.

ட்ராக் வண்டிக்கு ஒரு எளிய வழி உண்டு. கியர் மாற்றும்போது ஆர்பிஎம் எங்கிருந்து எங்கே விழுகிறது என்று டேட்டா லாகரில் பாருங்கள். 7,500-இல் மாற்றி அடுத்த கியரில் 5,400-இல் இறங்குகிறது என்றால், உங்களுக்குத் தேவையான பட்டை அந்த 5,400 – 7,500 தான். பீக் டார்க் அந்தப் பட்டையின் கீழ்ப் பக்கத்தில் விழ வேண்டும். அப்போது ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் பின் வண்டி உடனே பிடித்துக்கொள்ளும்.

குதிரைத்திறனைச் சொன்னால் குழாய் அளவு சொல்லிவிட முடியாதா?

தோராயமாகச் சொல்லலாம், நம்பி வாங்க முடியாது. 300 குதிரைத்திறனை ஒரு பெரிய வி8 5,000 ஆர்பிஎம்மில் எட்டும். ஒரு சிறிய நான்கு சிலிண்டர் அதற்கு 9,000 வரை சுற்ற வேண்டியிருக்கும். இரண்டிலும் ஒரு சிலிண்டர் வெளியே விடும் புகையின் அளவும் தாளமும் வேறு.

கேம்ஷாஃப்ட்டுக்கும் ஹெடருக்கும் என்ன சம்பந்தம்?

நெருக்கமான சம்பந்தம். ஓவர்லாப்பில்தான் ஹெடர் வேலை செய்கிறது என்று மேலே சொன்னேன். கம்பெனி கேமில் ஓவர்லாப் குறைவாக இருந்தால், ஹெடர் எவ்வளவு நன்றாக இழுத்தாலும் அதைப் பயன்படுத்திக்கொள்ள நேரமே கிடைக்காது. அந்த இன்ஜினில் பெரிய குழாய் போடுவதில் பலன் இல்லை, நஷ்டம் மட்டும் உண்டு.

பெரிய கேமில் இதற்கு நேர்மாறு. ஓவர்லாப் அதிகம் இருப்பதால் நல்ல ஹெடர் அள்ளிக் கொடுக்கும், தவறான ஹெடர் அதே அளவுக்குக் கெடுக்கும். ஆகவே கேமை முதலில் முடிவு செய்யுங்கள், ஹெடரை அப்புறம் தேர்ந்தெடுங்கள். பின்னால் கேம் மாற்றும் எண்ணம் உறுதியாக இருந்தால் அந்தக் கேமுக்கு ஏற்ற ஹெடரை இப்போதே வாங்கலாம். "ஒருவேளை மாற்றினாலும் மாற்றுவேன்" என்ற அளவில் இருந்தால் இப்போதைய இன்ஜினுக்கே வாங்குங்கள்.

பிரைமரியின் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும்?

விட்டம் உந்தத்தைப் பார்த்துக்கொள்கிறது. நீளம் பார்த்துக்கொள்வது அலையை. வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடும். சூடான புகையில் ஒலியின் வேகம் விநாடிக்கு 500 முதல் 600 மீட்டர் வரை இருக்கும், சாதாரணக் காற்றில் இருப்பதைவிட மிக அதிகம். அந்த அலை கலெக்டரின் விரிந்த இடத்தை அடைந்ததும், அழுத்தம் குறைந்த அலையாக மாறித் திரும்பி வரும். ஓவர்லாப் நேரத்தில் அது வால்வை வந்தடைந்தால் நமக்கு லாபம். குழாய் நீளமாக இருந்தால் அலை திரும்ப நேரம் பிடிக்கும், அது மெதுவாகச் சுற்றும் இன்ஜினுக்குப் பொருந்தும். குட்டைக் குழாய் வேகமாகச் சுற்றும் இன்ஜினுக்கு.

பரவலாகப் பயன்படும் கணக்கு இது. எக்ஸாஸ்ட் வால்வு பிஸ்டனின் கீழ் முனைக்கு எத்தனை டிகிரி முன்பு திறக்கிறதோ, அதோடு 180-ஐக் கூட்டுங்கள். அதை 21,590-ஆல் பெருக்கி, குறி வைத்த ஆர்பிஎம்மால் வகுத்து, 76-ஐக் கழித்தால் மி.மீ.யில் நீளம் கிடைக்கும். வால்வு 70 டிகிரி முன்பு திறக்கிறது, குறி 6,500 என்றால் 21,590 × 250 ÷ 6,500 = 830, அதில் 76 போக 754 மி.மீ. குறி 5,500 என்றால் 905 மி.மீ.

எல்லாக் குழாய்களும் மி.மீ. சுத்தமாகச் சமமாக இருக்க வேண்டியதில்லை. 25 மி.மீ. முன்பின் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சம நீளத்துக்காக ஒரு குழாயைக் கண்டபடி வளைத்து நெளிப்பதைவிடக் கொஞ்சம் நீள வித்தியாசத்தோடு நல்ல வளைவுகள் இருப்பதே மேல்.

கையில் இருக்கும் ஹெடரின் நீளத்தை அளக்க ஒரு வழி சொல்கிறேன். குழாயின் ஒரு முனையை இறுக அடைத்து, நிறுத்தி வைத்து, அளவு ஜாடியால் தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். எத்தனை மில்லி பிடித்ததோ அதை உட்பரப்பால் வகுத்தால் நீளம் செ.மீ.யில் வரும். 38.9 மி.மீ. உள்விட்டக் குழாய் 891 மில்லி பிடித்தால் நீளம் 75 செ.மீ. வளைவுகளின் மேல் டேப்பை வைத்துத் திணறுவதைவிட இது எவ்வளவோ துல்லியம். வளைவில் குழாய் நசுங்கியிருந்தால் அதுவும் இதில் தெரிந்துவிடும், ஒரே நீளமாகத் தோன்றும் இரண்டு குழாய்கள் வேறு வேறு அளவு தண்ணீர் பிடிக்கும்.

4-1 நல்லதா, 4-2-1 நல்லதா?

நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் சேர்ந்தால் 4-1. முதலில் இரண்டிரண்டாகச் சேர்ந்து, அந்த இரண்டு குழாய்கள் (செகண்டரி) பிறகு ஒன்றானால் 4-2-1. சாலைக்கு 4-2-1, மேல் ஆர்பிஎம்மிலேயே வாழும் வண்டிக்கு 4-1. நான்கு சிலிண்டர் இன்ஜினில் வழக்கமான ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அதனால் 1-உம் 4-உம் ஒரு ஜோடி, 2-உம் 3-உம் ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு சிலிண்டர்கள் சரியாக 360 டிகிரி இடைவெளியில் வெடிக்கும், ஒன்றின் புகை மற்றொன்றைத் தொந்தரவு செய்யாது. இதனால் நடு ஆர்பிஎம்மில் டார்க் அகலமாக விரியும். 4-1 இல் டார்க் ஓர் இடத்தில் கூர்மையாக ஏறும், அதற்குக் கீழே ஒரு பள்ளம் வரும். 4-2-1 போடும்போது மேலே கணக்கிட்ட நீளம் பிரைமரியும் செகண்டரியும் சேர்ந்தது. அதில் பிரைமரிக்குச் சுமார் 380 மி.மீ., மிச்சம் செகண்டரிக்கு என்று தொடங்கலாம்.

வி8, ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் ஏதாவது மாறுமா?

நேர் வரிசை ஆறு சிலிண்டர் கட்டுவதற்குச் சுகமானது. ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. முன் மூன்றும் பின் மூன்றும் தனித்தனிக் கலெக்டருக்குப் போனால் ஒவ்வொன்றிலும் 240 டிகிரிக்கு ஒரு முறை ஒழுங்காகப் புகை வரும்.

கிராங்க்ஷாஃப்ட்டின் வளைவுகள் 90 டிகிரிக்கு ஒன்றாக அமைந்த கிராஸ்பிளேன் வி8 அப்படி இல்லை. மொத்தமாக 90 டிகிரிக்கு ஒரு முறை ஒழுங்காக வெடித்தாலும், ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களை மட்டும் பார்த்தால் இடைவெளி 90, 180, 270, 180 என்று தடுமாறும். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் இன்ஜினை எடுத்தால், அதன் வரிசை 1-8-7-2-6-5-4-3. ஒற்றைப்படைப் பக்கத்தில் 3-உம் 1-உம் 90 டிகிரி இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கின்றன. ஒரே கலெக்டரில் இந்த இரண்டும் இடித்துக்கொள்ளும். வி8-இன் அந்தத் தனி உறுமலுக்கும் இதுதான் காரணம். இதைத் தீர்க்க இரு பக்கக் குழாய்களையும் குறுக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். 1966 முதல் 1969 வரை லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற ஃபோர்டு ஜிடி40-இன் பின்பக்கம் பாம்புக் கூட்டம் போலப் பின்னிக் கிடக்கும் குழாய்கள் அதற்குத்தான். இன்ஜின் முன்னால் இருக்கும் சாதாரண வண்டியில் அதற்கு இடம் கிடைப்பது கடினம். அடுத்தடுத்து வெடிக்கும் சிலிண்டர்களின் குழாய்கள் கலெக்டரில் வட்ட வரிசையில் அமைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

கலெக்டர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

நான்கு குழாய் சேரும் இடத்தில் பிரைமரி விட்டத்தைப் போல ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் மடங்கு என்று தொடங்கலாம். 44.5 பிரைமரிக்கு 76 மி.மீ. கலெக்டர் பரவலானது. சாலை வண்டிக்கு இந்த வரம்பின் கீழ்ப் பக்கமே பொருந்தும்.

நீளத்தை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் நடு ஆர்பிஎம் டார்க்கில் அதற்குக் கணிசமான பங்கு உண்டு. குழாய்கள் சேர்ந்த உடனே சட்டென்று பெரிய சைலன்சரில் போய்த் திறந்தால் அந்த நன்மை போய்விடும். பிரைமரியை மாற்றுவது பெரிய வேலை, கலெக்டருக்குப் பின்னால் ஒரு நேர்க் குழாயை நீட்டிப் பார்ப்பது சின்ன வேலை. பவரை அளக்கும் டைனோவில் நேரம் கிடைத்தால் முதலில் இதைச் சோதியுங்கள். நான்கு குழாய்களும் கூர்மையாகச் சேர்ந்து, கொஞ்சம் குறுகி, மறுபடி விரியும் மெர்ஜ் கலெக்டர் விலை கூடியதுதான், ஆனாலும் என் கணக்கில் பெரிய பிரைமரியைவிட அதற்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

ஸ்டெப்டு ஹெடர் தேவையா?

ஹெட்டுக்குப் பக்கத்தில் சிறிய குழாயாகத் தொடங்கி, கொஞ்ச தூரம் போனதும் 3 மி.மீ. பெரிதாகும் வகை அது. தொடக்கத்தில் வேகமும் கிடைக்கும், மேலே நெரிசலும் குறையும். பந்தய இன்ஜினில் அர்த்தம் உண்டு. சாலை வண்டிக்கு ஒரே அளவில் நல்ல குழாய் போதும்.

போர்ட்டை விடக் குழாய் பெரிதாக இருந்தால் பரவாயில்லையா?

கொஞ்சம் பெரிதாக இருந்தால் பரவாயில்லை. அந்தச் சின்னப் படி திரும்பி வரும் புகையைத் தடுக்கவும் உதவும். குழாயோ கேஸ்கெட்டோ போர்ட்டுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதுதான் கூடாது, வெளியே பாயும் புகை நேராக அந்த விளிம்பில் மோதும். மாட்டுவதற்கு முன் கேஸ்கெட்டை முதலில் ஹெட்டிலும் அப்புறம் ஹெடரை ஹெட்டில் பூட்டும் தகடான ஃபிளாஞ்சிலும் வைத்துப் பாருங்கள். ஃபிளாஞ்சின் உட்புறம் வெல்டிங் கட்டி கட்டியாக நிற்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். இருந்தால் கிரைண்டரால் வழித்துவிட்டு மாட்டுங்கள்.

டர்போ, சூப்பர்சார்ஜர், நைட்ரஸ்?

டர்போவில் கதையே வேறு. புகையால் சுழலும் டர்பைனுக்கு முன்னால் எப்போதும் அழுத்தம் நிற்பதால், மேலே சொன்ன இழுவைக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே காப்பாற்ற வேண்டியது புகையின் சூடும் வேகமும். குழாய் போர்ட் அளவை ஒட்டி இருக்கட்டும், மொத்தக் கொள்ளளவு குறைவாக இருக்கட்டும். பெரிய, நீளமான குழாய்களை நிரப்பி அழுத்தம் ஏறுவதற்குள் டர்போ தாமதமாகும். புகைக்கு இரண்டு தனி வழிகள் உள்ள ட்வின் ஸ்க்ரோல் டர்போ என்றால் 1-4, 2-3 ஜோடிகளைக் கடைசி வரை கலக்காமல் கொண்டுபோக வேண்டும்.

இன்ஜினின் சுழற்சியால் ஓடிக் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரும், கூடுதல் ஆக்சிஜன் தரும் நைட்ரஸ் வாயுவும் புகையின் அளவைக் கூட்டுகின்றன. கணக்கு சொல்வதைவிட ஒரு படி பெரிய குழாய் அவற்றுக்குச் சரி. நைட்ரஸை எப்போதாவது மட்டும் திறப்பவர்கள் அந்த ஒரு படியையும் ஏற வேண்டாம்.

எந்த உலோகம்? எவ்வளவு கனம்?

மைல்டு ஸ்டீல் மலிவு, வெல்டிங்குக்கு எளிது, துருப்பிடிக்கும். 304 ஸ்டெயின்லெஸ் சாலைக்குப் போதும். நீண்ட நேரம் முழு லோடில் ஓடும் பந்தய வண்டிக்கும் டர்போவுக்கும் 321 சூட்டை நன்றாகத் தாங்கும். 1.2 மி.மீ. எடை குறைவு, 1.6 மி.மீ. விரிசலுக்குத் தாங்கும்.

ஸ்டெயின்லெஸ் சூட்டில் அதிகம் விரியும். 750 மி.மீ. குழாய் 600 டிகிரி சூடேறினால் சுமார் 8 மி.மீ. நீளும். இரண்டு முனையையும் அசையவிடாமல் பூட்டினால் அந்த 8 மி.மீ. வெல்டிங்கைக் கிழித்துக்கொண்டு வழி தேடும். கலெக்டருக்குப் பின்னால் ஒரு வளையும் இணைப்பு கட்டாயம் வேண்டும். சூட்டுத்துணி சுற்றினால் போனட்டுக்குள் சூடு குறையும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்து மைல்டு ஸ்டீலை அரித்துவிடும். செராமிக் பூச்சு நல்ல மாற்று.

வாங்கும் முன் வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஸ்டார்ட்டர் மோட்டார், ஸ்டீயரிங் தண்டு, ஆயில் ஃபில்டர், பிளக் வயர்கள், தரையிலிருந்து உயரம். ஒரு படி பெரிய குழாய் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றில் இடிப்பது வழக்கம். பிளக்கைக் கழற்ற ஸ்பேனர் போகுமா என்று முதலிலேயே கேளுங்கள். இடம் போதாமல் சுத்தியலால் குழாயை ஒடுக்கி மாட்டுவதாக இருந்தால், சிறிய குழாயையே வாங்கியிருக்கலாம். வளைவுகள் மேன்ட்ரல் பெண்டிங்கில் (குழாய்க்குள் தாங்கு வைத்து வளைப்பது) செய்தவையா என்பதும் முக்கியம். சாதாரணமாக வளைத்த குழாய் வளைவில் நசுங்கி உட்பரப்பை இழந்திருக்கும்.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். எதை எடுப்பது?

சாலையில் ஓட்டுகிறீர்கள் என்றால் சிறியதை. சிறிய குழாயால் போவது ரெட்லைனுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பவர், அங்கே நீங்கள் இருப்பது சில விநாடிகள். பெரிய குழாயால் போவது ஒவ்வொரு சிக்னலிலும் ஒவ்வொரு மேட்டிலும் தேவைப்படும் டார்க். எடை அதிகமான வண்டி, உயரமான கியரிங், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் சிறியதன் பக்கம் இன்னும் சாயுங்கள். எடை குறைந்த, நெருக்கமான கியர் விகிதம் உள்ள, ட்ராக்குக்கு மட்டும் போகும் வண்டிக்குத்தான் பெரியது.

ஏற்கெனவே பெரியதை வாங்கிவிட்டேன். தூக்கிப் போட வேண்டுமா?

உடனே வேண்டாம். ஒரு படி பெரிது என்றால் கலெக்டரை ஒரு அளவு குறைத்து, நீளத்தைக் கூட்டிப் பாருங்கள். இக்னிஷனையும் பெட்ரோலையும் அந்த ஹெடருக்கு ஏற்ப ட்யூன் செய்யுங்கள். இழந்த டார்க்கில் ஒரு பங்கு திரும்ப வரும். கேம் டைமிங்கை மாற்ற வசதி இருந்தால், கீழ் ஆர்பிஎம்மில் ஓவர்லாப்பைக் குறைப்பதும் கைகொடுக்கும். இரண்டு படி பெரிது என்றால் விற்றுவிட்டுச் சரியானதை வாங்குவதே நிம்மதி.

மாட்டிய பிறகு கவனிக்க வேண்டியவை?

முதலில் கசிவு. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று ஒரு சத்தம், சூடேறியதும் அது மறைகிறது என்றால் ஃபிளாஞ்சில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். உலோகம் விரிந்து இடைவெளியை மூடுவதால்தான் சத்தம் நிற்கிறது. இதைச் சின்ன விஷயமாக விட்டுவிடாதீர்கள். புகைத் துடிப்புகளுக்கு நடுவில் குழாயில் அழுத்தம் குறையும்போது அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, கலவையில் பெட்ரோல் குறைவு என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியுவிடம் சொல்லும். ஈசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். வண்டி குடிக்கும், பிளக் கறுக்கும், நீங்கள் ஹெடரைத் திட்டுவீர்கள். நாலைந்து முறை சூடாகிக் குளிர்ந்த பிறகு போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

அடுத்து ட்யூனிங். புது ஹெடரோடு ஈசியுவின் பழைய மேப்பில் (பெட்ரோல், இக்னிஷன் அட்டவணையில்) ஓட்டிவிட்டு முடிவு சொல்ல வேண்டாம். டைனோவில் ஒப்பிடும்போது ஆயில் சூடு, டயர் காற்று, இன்டேக் காற்றின் வெப்பநிலை எல்லாம் இரண்டு ஓட்டத்திலும் ஒன்றாக இருக்கட்டும். பேப்பரில் உச்சி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கோடு முழுவதையும் பாருங்கள். உச்சியில் 4 குதிரைத்திறன் கூடி, 3,000-க்கும் 5,000-க்கும் நடுவில் டார்க் இறங்கியிருந்தால், சாலையில் அந்த வண்டி முன்பைவிட மெதுவாகத்தான் போகும்.

கேட்டலிடிக் கன்வெர்டரைக் கழற்றினால்தான் ஹெடர் வேலை செய்யுமா?

இல்லை. புகையைச் சுத்தம் செய்யும் அந்தக் கருவியைக் கழற்றுவது பல நாடுகளில் சட்டவிரோதம், காற்றுக்கும் கேடு. கலெக்டர் முடிந்து போதிய நேர்க் குழாய்க்குப் பின்னால், நெரிசல் குறைந்த ஹை ஃப்ளோ கன்வெர்டரைப் பொருத்தினால், ஹெடரின் இழுவை பெருமளவு அப்படியே இருக்கும். ரொம்பத் தள்ளி வைத்தால் மட்டும் அது சூடேறத் தாமதமாகி, குளிர்ந்த இன்ஜினின் புகையைச் சுத்தம் செய்யாமல் விடும். சென்சாருக்கான நட்டை கலெக்டரில் நான்கு சிலிண்டரின் புகையும் கலந்த இடத்தில், தண்ணீர் தேங்காதபடி மேல் பக்கமாகச் சாய்த்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.